யாழ்ப்பாணக் கரையோரத்தில் வீடு வாங்க: ஊரைப் பார்க்க முன் கிணற்றைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஊரின் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். "நல்லூருக்குக் கிட்ட", "கொக்குவில் பக்கம்", "கடல் தெரிகிற மாதிரி ஒன்று". தரகரும் அதே பெயர்களை வைத்துத்தான் விலை சொல்வார். ஆனால் இங்கே ஒரே ஊருக்குள், ஒரே வீதியின் இரண்டு பக்கத்திலும் கிணற்றுத் தண்ணீர் வேறாக இருக்கும். ஒரு ஒழுங்கையில் மாரிக்கு முழங்கால் வெள்ளம் நிற்கும், அடுத்த ஒழுங்கையில் செருப்புக்கூட நனையாது. ஒரு வளவுக்கு உறுதி (காணிப் பத்திரம்) தெளிவாக இருக்கும், பக்கத்து வளவுக்கோ ஏழு பங்காளிகள் நாலு நாட்டில் இருப்பார்கள். ஆகவே ஊரின் பெயரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கீழே சொல்லும் ஒழுங்கில் பார்த்துக்கொண்டு போங்கள். ஊர் தானாகவே சுருங்கி வரும்.

முதல் படி: உங்கள் பெயரில் எழுத முடியுமா

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிறவர்கள் இதை எல்லாவற்றுக்கும் முதல் தீர்க்கவேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கைக் குடியுரிமை இல்லாத ஒருவர் காணியை விலைக்கு வாங்கித் தன் பெயரில் எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் தடையில்லை. இந்த ஊரில் பிறந்தவர், அப்பாவின் வளவு இதே ஒழுங்கையில் இருந்தது, ஊர் முழுக்கத் தெரிந்த குடும்பம் என்பதெல்லாம் நொத்தாரிசின் (உறுதி எழுதுகிறவரின்) மேசையில் செல்லாது.

அதனால் "தம்பியின் பெயரில் எழுதி வைப்போம், பிறகு பார்க்கலாம்" என்று செய்கிறவர்கள் நிறையப் பேர். தம்பி நல்லவராகவே இருக்கட்டும். காணி அவர் பெயரில் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அது அவருடையது, அவருக்குப் பிறகு அவர் மனைவி பிள்ளைகளுடையது. குடியுரிமை வேலையை முடித்துவிட்டு வாங்குவதுதான் நல்லது. அதுவரை பிடித்த ஊரில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து இருந்து பாருங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் அங்கே கழித்தால், எந்தத் தரகரும் சொல்லாததை ஊரே சொல்லிவிடும்.

இரண்டாம் படி: வீட்டில் இருக்கப்போவது ஆர்

வயதான பெற்றோருக்கு என்றால் யாழ் போதனா வைத்தியசாலைக்கு இரவு இரண்டு மணிக்கு எவ்வளவு நேரத்தில் போகலாம் என்பதுதான் முதல் கேள்வி. வடமராட்சிப் பக்கம் என்றால் மந்திகை, வலிகாமம் வடக்கு என்றால் தெல்லிப்பழை வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் பெரிய வருத்தம் என்றால் கடைசியில் பட்டினத்துக்குத்தான் வரவேண்டும்.

பிள்ளைகளுக்கு என்றால் பாடசாலை. முதலாம் ஆண்டு அனுமதியில் பாடசாலைக்குக் கிட்ட இருப்பதற்குப் புள்ளி உண்டு. ஆனால் வீடு வாங்கிய மறுநாளே அந்தப் புள்ளி வந்துவிடாது. வாக்காளர் இடாப்பில் பெயர், அங்கே எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பதற்கான ஆவணங்கள் எல்லாம் பார்ப்பார்கள். பிள்ளைக்கு நாலு வயதான பிறகு ஒரு பாடசாலைப் பெயரை நம்பி, பரப்புக்கு (இங்கே காணி அளக்கும் அலகு) கூடுதலாகக் கொடுத்து வாங்குவதில் பெரிய பயன் இல்லை.

விடுமுறைக்கு வந்து போகவும் மிச்ச நாளில் வாடகைக்கு விடவும் என்றால் கணக்கே வேறு. பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கடற்காற்று எப்படித் தின்னும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாம் படி: கரை எல்லாம் ஒரே கரை இல்லை

குடாநாட்டின் வடக்கில் இருப்பது திறந்த கடல். காங்கேசன்துறை, மயிலிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை எல்லாம் பாக்கு நீரிணையைப் பார்த்தபடி, கல்லும் அலையுமாக இருக்கும் ஊர்கள். தெற்கில் நாவாந்துறை, குருநகர், பாசையூர், கொழும்புத்துறை, அரியாலையின் கீழ்ப்பக்கம் ஆகியவை கடனீரேரியைத் தொட்டிருப்பவை. ஆழமில்லாத, சாதாளை மணக்கும் பரவைக்கடல் அது. மேற்கே தீவகம். கிழக்கே மணற்காட்டிலிருந்து தாளையடி வரை மணல்.

காற்றும் இவற்றைப் பிரிக்கிறது. மாரியில் வாடைக்காற்று வடக்குக் கரையை நேரே அடிக்கும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம். அந்த நாட்களில் தெற்குக் கரையில் யன்னல் திறந்தால் வீடு முழுக்கத் தூசி. தை மாதத்தில் வந்து காங்கேசன்துறையில் ஒரு பின்னேரம் நின்றுவிட்டு "என்ன குளிர்ச்சி" என்று முடிவெடுக்காதீர்கள்.

பட்டினத்தின் கடலோரத்தில், குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம், வைத்தியசாலை, சந்தை, பஸ் நிலையம் எல்லாம் கைக்கெட்டும் தூரம். காணிகள் சின்னன், வீடுகள் நெருக்கம், கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் சவர். இது உழைக்கும் கரை. விடியப்புறம் இயந்திரப் படகின் சத்தம் கேட்கும், வலை காயும், மீன் மணக்கும். அதை விரும்புகிறவருக்கு இதைவிட உயிரான இடம் பட்டினத்தில் இல்லை. விரும்பாதவர் வாங்கிவிட்டுப் பிரதேச மக்களோடு சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை. நாவாந்துறையிலிருந்து மேற்கே அராலி வீதியில் போனால் கல்லுண்டாயில் மாநகரத்தின் குப்பை கொட்டும் வெளி வரும். அங்கே தீப்பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று ஆனைக்கோட்டை, நவாலி ஆட்களிடம் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் விலை பேசுங்கள்.

வடக்குக் கரைக்கு வேறொரு கதை. வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள். போர் முடிந்த பிறகு காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன, சில இன்னும் படையினர் கையில் இருக்கின்றன. திரும்பி வந்தவர்கள் கண்டது வேலியும் இல்லை, மரமும் இல்லை, சில இடத்தில் கிணறும் மூடியிருந்தது. அதனால் மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறைப் பக்கம் காணி பார்க்கிறவர்கள் அளவையாளரை முதலிலேயே கூட்டிக்கொண்டு போகவேண்டும். மற்ற ஊர்களில் கடைசியில் செய்யும் வேலை இங்கே முதல் வேலை. அதே நேரம் இந்தக் கரை திரும்ப எழும்பிக்கொண்டும் இருக்கிறது. 2015 தையில் ரயில் திரும்பக் காங்கேசன்துறை வரை வந்தது, 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. இந்த இரண்டையும் காட்டித் தரகர்கள் விலையை ஏற்றுவார்கள். ரயில் உங்களுக்குத் தேவையா என்று யோசித்துவிட்டு அதற்குக் காசு கொடுங்கள்.

தீவகத்தில், புங்குடுதீவு, வேலணை, காரைநகர் ஊர்களில் வளவு பெரிது, விலை குறைவு, மாளிகை மாதிரிக் கட்டிப் பூட்டிய வீடுகளும் உண்டு. தண்ணீர்தான் இல்லை. கோடையில் தண்ணீர்ப் பவுசரை எதிர்பார்த்து வாளிகள் வரிசையில் நிற்கும் ஊர்கள் அங்கே இருக்கின்றன. வேர் அங்கே இருப்பவர்கள் வாங்கட்டும். புதிதாக வருகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கடல் வேண்டும் என்று வருகிற பலருக்கு உண்மையில் வேண்டியது, கடலுக்குக் கால் மணித்தியாலத்தில் போகக்கூடிய, நல்ல தண்ணீர் உள்ள வளவு. அது கொக்குவில், கோண்டாவில், இணுவில், உரும்பிராய் மாதிரி நடு ஊர்களில் கிடைக்கும். செம்மண், மரம் வளரும், உப்புக்காற்று குறைவு. குடாநாடு அவ்வளவு பெரிதில்லை, சைக்கிளிலேயே கரைக்குப் போய் வரலாம்.

நான்காம் படி: கிணறு

இதில்தான் நேரம் செலவழிக்கவேண்டும்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அந்த மிதக்கும் நன்னீரைத்தான் எல்லாரும் குடிக்கிறோம். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் என்பது பொதுக் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். புத்தூருக்குக் கிட்ட நிலாவரைக் கிணற்றில் மேல் தண்ணீர் நல்லது, ஆழத்தில் உப்பு. எல்லாக் கிணற்றின் கீழும் அதே கதைதான், ஆழம் மட்டும் வேறு.

ஆகவே கிணறு பார்ப்பது என்றால் எட்டிப் பார்த்துவிட்டு "நிறையத் தண்ணி இருக்கு" என்பது இல்லை. முதலில் ஒரு வாளி அள்ளி வாயில் வைத்துப் பாருங்கள். அப்புறம் வீட்டுக்காரரிடம் சொல்லி மோட்டரை இரண்டு மணித்தியாலம் ஓட விடுங்கள். பிறகு திரும்ப ஒரு வாய். முதல் வாய் இனிப்பாகவும் இரண்டாம் வாய் நாக்கின் ஓரத்தில் கரிப்பாகவும் இருந்தால் கீழிருந்து உப்பு ஏறுகிறது என்று அர்த்தம். நாலு பேர் குளிக்கும் வீட்டில் அது நாளாந்தக் கதையாகிவிடும். விற்கிறவர் மோட்டர் பழுது என்றால் சின்ன இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

மார்கழியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறு. ஆவணி, புரட்டாதியில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்: "கோடையில இந்தத் தண்ணியில பருப்பு அவியுமோ அம்மா?" சுண்ணாம்பு கூடின தண்ணீரில் பருப்பு லேசில் அவியாது, சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும். இந்தக் கேள்விக்கு வரும் பதிலில் பொய் இருக்காது. தேநீர் ஒன்று தந்தால் கட்டாயம் குடியுங்கள்.

கடலை விட்டுத் தள்ளியிருக்கும் தோட்ட ஊர்களில் உப்புத் தொல்லை குறைவு, ஆனால் வேறு தலையிடி. வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலைக்குப் போட்ட உரம் கீழே இறங்கி நைத்திரேற்றாகத் தண்ணீரில் நிற்கிறது. இலங்கையின் குடிநீர்த் தரப்படி லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, உப்பைக் காட்டும் குளோரைட்டு 250. நைத்திரேற்றுக்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது ஆபத்து. சுடவைத்தாலும் போகாது. சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போனதும் பலருக்கு நினைவிருக்கும். ஆகவே ஒரு போத்தல் தண்ணீரை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துப் பரிசோதித்து எடுங்கள். நீர் வழங்கல் சபையில் விசாரித்தால் எப்படி எடுத்துக் கொடுப்பது என்று சொல்வார்கள். காணியின் விலையோடு பார்த்தால் இது காசே இல்லை.

மலகூடக் குழியையும் பார்க்கவேண்டும். 50 அடி தள்ளி இருந்தால் போதும் என்பது வழக்கமாகச் சொல்வது. நம் நிலத்தில் கல்லுக்குள் வெடிப்பும் பொந்தும் இருப்பதால் தூரம் எவ்வளவு கூடினாலும் நல்லது. உங்கள் குழி மட்டும் தள்ளியிருந்து என்ன பயன்? மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குழி எங்கே என்று பாருங்கள். இரண்டு பரப்பு, ஒன்றரைப் பரப்பு என்று துண்டாடி விற்கும் புதுக் குடியிருப்புகளில் எல்லாருடைய குழியும் எல்லாருடைய கிணற்றுக்கும் கிட்டத்தான் இருக்கும்.

குழாய்த் தண்ணீர் வருகிறதே என்று கேட்பீர்கள். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது, நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. நல்ல விஷயம். ஆனால் வீதியில் குழாய் போயிருப்பது வேறு, உங்கள் ஒழுங்கைக்கு இணைப்பு வந்திருப்பது வேறு, பைப்பைத் திறந்தால் தண்ணீர் வருவது வேறு. மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது

குடாநாடு தட்டை. அரை அடி மேடு பள்ளம்தான் காய்ந்த வீட்டையும் நனைந்த வீட்டையும் பிரிக்கிறது. 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது எந்தெந்த ஒழுங்கையில் தண்ணீர் நின்றது என்று அங்கே இருந்தவர்கள் கையால் உயரம் காட்டிச் சொல்வார்கள். அவர்களிடம் கேட்கமுன் உங்கள் கண்ணால் பாருங்கள். மதிலில் ஒரே உயரத்தில் ஓடும் மண் நிறக் கோடு, தகரப் படலை கீழ்ப்பக்கம் மட்டும் துருப்பிடித்திருப்பது, பழைய வாசற்படிக்கு மேல் புதிதாக உயர்த்திக் கட்டிய படி, மோட்டர் கொட்டிலை இடுப்பளவு மேடையில் தூக்கி வைத்திருப்பது. ஒழுங்கையில் எல்லாருடைய வாசலும் ஒரே மாதிரி உயர்த்தியிருந்தால் காரணம் ஒன்றுதான்.

புது வீதிகள் இன்னொரு சிக்கல். தாரும் கல்லும் போட்டுப் போட்டு வீதி உயர்ந்து, பழைய வளவு பள்ளமாகிவிட்டது. வீதியில் நின்று வளவைப் பாருங்கள். கீழே இறங்கிப் போகவேண்டி இருந்தால் மழையும் அப்படியே இறங்கி வரும். மண் போட்டு உயர்த்தலாம் என்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கக் கேளுங்கள். நீங்கள் உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வளவுக்குப் போகும் என்பதும், அவர் சும்மா இருக்கமாட்டார் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

பட்டினத்துக்குள் பழைய குளங்கள் ஒன்றோடொன்று வாய்க்காலால் தொடுத்தவை. வாய்க்காலை மறித்துக் கட்டிய இடங்களில்தான் வெள்ளம் நிற்கிறது. மேற்கே வழுக்கையாறு கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பக்கத்து மழைநீரை எல்லாம் அள்ளிக்கொண்டு அராலியில் கடனீரேரியில் விழும். கோடையில் அது புல் முளைத்த பள்ளம் மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள். உறுதியில் காணியின் பெயரிலேயே தரவை, பள்ளம், குளம் என்று வந்தால் இன்னொரு முறை விசாரியுங்கள்.

திறந்த கடல் பக்கம், முக்கியமாகப் பருத்தித்துறையிலிருந்து வடமராட்சி கிழக்கு வரை, 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்று கேட்காமல் ஒரு அடி நிலம்கூட வாங்கக்கூடாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் புதிதாகக் கட்டவோ பெருப்பிக்கவோ கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். "பிரதேச சபையில கதைச்சு எடுக்கலாம்" என்று தரகர் சொன்னால், எடுத்துத் தந்த பிறகு வாங்குகிறேன் என்று சொல்லுங்கள்.

ஆறாம் படி: ஒழுங்கையும் அயலும்

ஒழுங்கை ஆருடையது? பிரதேச சபையின் பதிவில் இருக்கும் ஒழுங்கையா, இல்லை நாலு வளவுக்காரர் விட்டுக்கொடுத்த தனிவழியா? குச்சொழுங்கைக்குள் அம்புலன்ஸ் திரும்புமா, மலக்குழி உறிஞ்சும் பவுசர் வருமா, கல்லுப் பறிக்க லொறி வருமா? வழி இல்லாத காணி எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலை கூடியதுதான்.

யாழ்ப்பாண உறுதிகளில் கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு என்று ஒரு வரி அடிக்கடி வரும். பழைய நாளில் நாலு வீட்டுக்கு ஒரு கிணறு. அந்தப் பங்கு இன்றும் உயிரோடு இருந்தால், உங்கள் வளவுக் கிணற்றில் பக்கத்து வீட்டார் அள்ள உரிமை உண்டு, நடந்து வர வழியும் உண்டு. நீங்கள் மதில் கட்டினால் வழக்கு. அந்தப் பங்கு உங்களுக்குப் பக்கத்து வளவில் இருந்தால், அதை விட்டுவிடாதீர்கள்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணுங்கள். ஒழுங்கையில் பாதி வீடு கனடாக்காரருடையது என்றால் அமைதி இருக்கும், துணை இருக்காது. மூடாத கிணறும் இலை அடைத்த பீலியும் நுளம்புக்கு வசதி. மாரி முடிய யாழ்ப்பாணத்தில் டெங்கு வருவது வழக்கமாகிவிட்டது.

கோயில், தேவாலயம், கல்யாண மண்டபம் எவ்வளவு கிட்ட என்பதையும் பாருங்கள். நல்லூர் கந்தசுவாமி கோயிலைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்களுக்குத் திருவிழாவின் 25 நாளும் வீதி மறிப்பு. வாகனம் வெளியே, பாஸ் கையில். சிலருக்கு அது பாக்கியம், சிலருக்குத் தண்டனை. நீங்கள் எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சில ஒழுங்கைகளில் தரகர் விலை சொல்லமுன் "நீங்கள் எந்தப் பக்கம், ஆருடைய ஆட்கள்" என்று சுற்றி வளைத்துக் கேட்பார். எதற்காகக் கேட்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். சாதி பார்த்துக் காணி கொடுக்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது என்று எழுதினால் பொய். அப்படிக் கேட்கும் இடத்தில் வாங்கிக் காலம் முழுக்க அதே கேள்வியோடு இருப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன்.

ஏழாம் படி: உப்பு தின்ற வீடு

கடலோர வீட்டைப் பார்க்க நாள் முழுக்க வேண்டாம். சுவரின் கீழ் இரண்டு அடியில் சாந்து பொருக்கு விட்டு, வெள்ளைத் தூளாக உப்புப் பூத்திருக்கிறதா? புதுப் பெயின்ற் கீழ்ப்பக்கம் மட்டும் அடித்திருந்தால் இன்னும் கவனம். சீலிங் இல்லாத கொங்கிரீட் தளத்தின் அடியை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டு போங்கள். பொள்ளல் சத்தம் வருகிற இடத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கியிருக்கும். சவர்த் தண்ணீரிலோ கழுவாத கடல் மணலிலோ குழைத்த கொங்கிரீட்டுக்கு இதுதான் முடிவு, திருத்தினாலும் திரும்ப வரும். தடித்த சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் ஓட்டுக் கூரையும் உள்ள பழைய நாற்சார வீடு இந்தக் காற்றுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். மரத்தில் கறையான் மட்டும் பாருங்கள். பூட்டி வைக்கும் வீடென்றால் யாராவது வாரத்துக்கு ஒருமுறை யன்னல்களைத் திறந்து விட வேண்டும். அதற்கு ஆள் இருக்கிறதா என்பதும் வாங்கமுன் கேட்கவேண்டிய கேள்வி.

வளவில் நிற்கும் மரங்களையும் உங்கள் இஷ்டத்துக்குத் தறிக்க முடியாது. பலா, ஈரப்பலா, பெண் பனை தறிக்க அனுமதி வேண்டும். வீட்டை எங்கே பெருப்பிப்பது என்று கணக்குப் போடும்போது இது இடையில் வரும்.

எட்டாம் படி: உறுதி

பரப்பில் தொடங்குவோம். வீட்டுக் காணியில் ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், 2,722 சதுர அடி சொச்சம். 16 பரப்பு ஒரு ஏக்கர், 18 குழி ஒரு பரப்பு. வயல் காணிக்கு நெற்பரப்புக் கணக்கு வேறு, ஆகவே உறுதியில் எந்தப் பரப்பு என்று பார்க்கவேண்டும். உறுதியில் நாலு பரப்பு என்று இருக்கும், அளந்தால் மூன்றே முக்காலாக இருக்கும். வேலி நகர்ந்து நகர்ந்து வந்த கதை அது. வேலிக் கதியால் மாற்றும் ஒவ்வொரு வருடமும் ஒரு சாண்! அளவையாளரைக் கொண்டு புதுப் படம் கீறி, இருப்பதற்கு மட்டும் காசு கொடுங்கள். பழைய உறுதியில் எல்லைகள் "கிழக்கு இன்னார், வடக்கு இன்னார்" என்று செத்துப்போனவர்களின் பெயரில் இருக்கும். அயலவர்கள் நிற்க அளப்பது நல்லது.

அடுத்தது, விற்கிறவர் உண்மையில் எவ்வளவுக்கு உரித்தாளி? பிரிபடாத பங்கு என்றால், எல்லாப் பங்காளிகளும் கையெழுத்து வைக்கவேண்டும், அல்லது முதலில் பிரித்துக்கொண்டு வரவேண்டும். சீதன உறுதி, நன்கொடை உறுதிகளில் தாய் தகப்பனுக்குச் சீவிய உருத்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்திருப்பார்கள். அவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களும் ஒப்பவேண்டும்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட காணியை விற்க முன் பங்காளிகளுக்கும் உரிமை வழி வாரிசுகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் நீங்கள் வாங்கினால், ஒருவர் பின்னால் வந்து வழக்கு வைக்கலாம். வாய்மொழியாக "அண்ணைக்குத் தெரியும்" என்பது போதாது. விற்கிறவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால், தன் காணியை விற்கவும் கணவனின் எழுத்து மூல சம்மதம் வேண்டும். கணவன் விட்டுப் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி எடுக்க வழி இருக்கிறது. இந்த நூற்றாண்டுக்குப் பொருந்தாத சட்டம் என்று நீங்களும் நானும் நினைக்கலாம். சம்மதம் இல்லாத உறுதியோடு மாட்டுப்படுவது நீங்கள்தான்.

அற்றோணித் தத்துவத்தை (உரியவருக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரத்தை) வைத்து விற்கிறார்கள் என்றால், அது எங்கே பதிந்தது, இன்னும் செல்லுபடியாகிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்தது. லண்டனில் இருப்பவரோடு நேரே வீடியோவில் கதைத்து, இந்தக் காணியை இந்த விலைக்கு விற்கிறாரா என்று அவர் வாயால் கேளுங்கள். தரகர் இடையில் நிற்காமல் கேளுங்கள்.

போர்க்காலத்தில் காணியை விட்டு ஓடியவர்கள், இன்னொருவர் பத்து வருடத்துக்கு மேல் குடியிருந்த காணி என்று பிணக்குகள் நிறைய. நீண்டகால ஆட்சி உரிமை கேட்க வழக்கமாகப் பத்து வருடம். இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்து போர்க்காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட வழி செய்தது. "முப்பது வருடம் நாங்கள்தான் இருக்கிறம்" என்று சொல்லி, உறுதி இல்லாமல் விற்க வருகிறவரிடம் மலிவாகக் கிடைக்கிறது என்று கை வைக்காதீர்கள். கரையோரக் கிராமங்களில் அரச அனுமதிப்பத்திரக் காணிகளும் உண்டு. அவற்றைப் பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது.

உறுதி இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது என்பது உண்மையான காரணமாகவே இருக்கலாம். காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்க முடியும். மூலப்பிரதி எங்கே என்பதற்கு விற்கிறவர் பதில் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அது எங்கோ ஒரு இரும்புப் பெட்டியில் ஈட்டுக்குக் கிடக்கலாம். பதிவகத்தில் 30 வருடத்துக்குக் குறையாமல் தேடச் சொல்லுங்கள். வங்கிக் கடன் எடுக்கப் போகிறீர்கள் என்றால் வங்கியின் சட்டத்தரணி எப்படியும் கேட்பார். காசு வைத்து வாங்குகிறவர்கள்தான் இதைத் தவற விடுகிறார்கள்.

நொத்தாரிசு உங்களுடையவராக இருக்கவேண்டும். விற்கிறவரின் ஆள், தரகரின் ஆள், இருவருக்கும் பொதுவான ஆள் வேண்டாம்.

ஒன்பதாம் படி: காசு, கையெழுத்து, பதிவு

அச்சவாரம் கொடுத்தால் எழுத்தில் கொடுங்கள். எவ்வளவு, எந்தத் திகதிக்குள் உறுதி முடிப்பது, உறுதியில் குறை கண்டால் காசு திரும்புமா என்பது அதில் இருக்கவேண்டும். முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், வாங்குகிறவர் தலையில். அதற்கு மேல் நொத்தாரிசு, அளவையாளர், தரகர் கூலி. உறுதியில் விலையைக் குறைத்து எழுதி வரி மிச்சம் பிடிக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். பின்னாளில் நீங்கள் விற்கும்போதோ வழக்கு வரும்போதோ அந்தக் குறைந்த விலைதான் சாட்சி.

உறுதி முடித்ததும் வேலை முடியவில்லை. அது காணிப் பதிவகத்தில் பதிந்து வரவேண்டும், நொத்தாரிசிடம் விட்டுவிட்டு வெளிநாடு போய்விடாதீர்கள், பதிவு இலக்கத்தைக் கண்ணால் பாருங்கள். மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ சோலைவரி இடாப்பில் பெயரை மாற்றுங்கள். பழைய நிலுவை இருந்தால் உறுதி முடிக்க முன்பே விற்கிறவரைக் கொண்டு கட்டுவியுங்கள். மின்சார மானியையும் உங்கள் பெயருக்கு எடுங்கள். அப்புறம் கிராம அலுவலரைச் சந்தித்துப் புது ஆள் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, மாரி தொடங்க முன் கிணற்றை ஒருமுறை இறைத்துச் சுத்தம் செய்துவிடுங்கள்.